காத்தாடி வாங்கும் முன் கூரையின் உயரத்தை அளந்துவிடுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடொன்றில் இத்தனை ஆண்டுகள் குடியிருந்துவிட்டு, நகரத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் சொந்தமாக வாங்கிய ஒற்றைத்தள வரிசை வீட்டுக்குத் தீபாவளிக்கு முன்பாகக் குடிபோகவிருக்கும் தங்கை ஒருவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். கூடம் 12 அடிக்கு 20 அடி. படுக்கையறைகள் இரண்டும் பத்துக்குப் பத்து. ஓர் அறை வயதான தாயாருக்கு. ஐந்து இறக்கையும் விளக்கும் ரிமோட்டும் கொண்ட டிசி காத்தாடிகள் மூன்றைச் சேர்த்து எடுத்தால் விலையைக் குறைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறாராம். அவற்றை வாங்கலாமா, கூடத்துக்கு 60 அங்குலம் போதுமா, பழைய வீட்டில் பதினெட்டு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் மூன்று இறக்கைக் காத்தாடியை என்ன செய்வது என்பவைதாம் அந்தக் கேள்விகள்.

தோட்டத்து லயக் குடியிருப்புகளிலும் செம்பனை ஆலையிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வயரிங் வேலை பார்த்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். முறையாக எழுதினால் மின்விசிறி என்றுதான் எழுத வேண்டும். ஆனால் நம் வீடுகளில் அதைக் காத்தாடி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சென்னையிலிருந்து வரும் உறவினரிடம் காத்தாடி மாட்டப் போகிறேன் என்றால் பட்டம் விடப் போகிறேன் என்று நினைத்துக்கொள்வார். அது இருக்கட்டும்.

நீங்கள் அறைகளின் நீளத்தையும் அகலத்தையும் எழுதியிருக்கிறீர்கள், உயரத்தை எழுதவில்லை. காத்தாடி வாங்கப் போகும் பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கடையிலும் யாரும் கேட்பதில்லை. என் அனுபவத்தில், எந்தக் காத்தாடி என்பதை முதலில் தீர்மானிப்பது கூரையின் உயரமும், காத்தாடியைத் தாங்கப் போகும் கொக்கியும்தான். அதற்கடுத்து, அந்தக் காத்தாடி ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடப்போகிறது என்ற கணக்கு. நிறம், விளக்கு, இறக்கையின் எண்ணிக்கை ஆகியவற்றையெல்லாம் இந்த மூன்றையும் பார்த்த பிறகு உங்கள் விருப்பப்படி பார்த்துக்கொள்ளலாம்.

காத்தாடியால் அறையின் வெப்பம் ஒரு பாகைகூடக் குறைவதில்லை. மோட்டாரின் சூடும் சேர்வதால் இம்மியளவு கூடத்தான் செய்யும். நம் உடம்பின் வியர்வையைக் காற்று உலர்த்திக்கொண்டு போகும்போது, தோலிலிருந்து வெப்பமும் சேர்ந்து போகிறது. நமக்கு இரண்டு மூன்று பாகை குறைந்தது போலத் தோன்றுகிறது. நம் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி என்பதால் வியர்வை தானாக உலர்வது கடினம்; ஆகவே காற்றோட்டம் இங்கே மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகவே தேவைப்படுகிறது. ஆளில்லாத அறையில் காத்தாடி சுற்றுவதால் யாருக்கும் பயனில்லை என்பதும், உட்காரும் இடத்துக்கும் படுக்கும் இடத்துக்கும் மேலே காற்று விழும்படி அதை மாட்ட வேண்டும் என்பதும் இதிலிருந்தே கிடைக்கும் முடிவுகள். அறையின் நட்டநடுவில்தான் மாட்ட வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

தகரக் கூரைக்கு அடியில் சிலிங் இல்லாத பலகை வீட்டில் இருந்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். பிற்பகல் இரண்டு மணிக்குக் காத்தாடியைப் போட்டால் அனல்தான் இறங்கும். சூடான காற்று மேலேறிக் கூரைக்கடியில் தேங்கிக் கிடக்க, உத்தரத்தை ஒட்டிக் குட்டைக் கம்பியில் தொங்கும் காத்தாடி அதை அள்ளி நம் தலைமீது கொட்டும். அதே காத்தாடியை நீளமான கம்பியில் இறக்கித் தொங்கவிட்டு, எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைத்தால் நிலைமை பெரிதும் மாறும். உங்கள் புது வீட்டில் சிலிங் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் சுவரின் மேற்பகுதியிலுள்ள காற்றுத் துவாரங்களைக் கொசுவுக்குப் பயந்து அட்டை வைத்து அடைத்துவிடாதீர்கள், வலை அடித்துக்கொள்ளுங்கள்.

இனி உயரம். தரையிலிருந்து இறக்கையின் அடிவிளிம்பு வரை குறைந்தது 2.3 மீட்டர், அதாவது ஏழரை அடிக்குச் சற்று மேல், இருக்க வேண்டும் என்பது அனைத்துலகப் பாதுகாப்பு விதி. காத்தாடியோடு வரும் கையேட்டிலும் இதை அச்சிட்டிருப்பார்கள். நெட்டையான ஒருவர் நடமாடினாலும் தலையில் படாத உயரம் அது. மறுபக்கம், இறக்கைக்கும் சிலிங்குக்கும் இடையே ஏறத்தாழ ஓர் அடி இடைவெளி வேண்டும். மேலிருந்து காற்றை இழுத்துத்தான் கீழே தள்ள முடியும் என்பதால், சிலிங்கோடு ஒட்டிக்கொண்ட காத்தாடி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று வராது. மோட்டாரின் சத்தம் மட்டும் வரும். ஆகவே டேப்பை எடுத்துத் தரையிலிருந்து சிலிங் வரை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பெட்டியின் பக்கவாட்டிலுள்ள படத்தில், கொக்கியிலிருந்து இறக்கை வரை எத்தனை சென்டிமீட்டர் தொங்கும் என்று போட்டிருப்பார்கள். நீளக் கம்பியோடு வரும் 60 அங்குலக் காத்தாடிகளில் அது ஒன்றரை அடியை நெருங்கும். சிலிங் பத்து அடி என்றால் எட்டரை அடியில் இறக்கை நிற்கும், நல்லது. சிலிங் எட்டே முக்கால் அடிதான் என்றால் ஏழேகால் அடியில் வந்து நிற்கும், அது கூடாது. அப்போது குட்டைக் கம்பி உள்ள வகையைக் கேட்டு வாங்க வேண்டுமே தவிர, நீளக் கம்பியை அறுத்துப் புதிதாக ஓட்டை போட்டுப் பொருத்தச் சொல்லக் கூடாது. அந்தக் கம்பியின் இரு முனைகளிலும் உள்ள ஓட்டையும் ஆணியும்தான் முழு எடையையும் ஆண்டுக்கணக்கில் தாங்குகின்றன. கையால் துளைத்த ஓட்டையை நான் நம்ப மாட்டேன்.

பிள்ளைகளுக்கு இரண்டடுக்குக் கட்டில் போடும் எண்ணம் இருந்தால், மேல்கட்டிலில் எழுந்து உட்காரும் பிள்ளையின் கை எங்கே எட்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த அறையில் சிலிங் காத்தாடியே வேண்டாம். சுவர்க் காத்தாடி போதும்.

அடுத்தது கொக்கி. மாடி வீடாக இருந்தால் மேலே சிமெண்டுத் தளம் இருக்கும். அதில் வார்த்த இரும்புக் கொக்கியிலோ, சரியாக இறுக்கிய விரிவு போல்ட்டிலோ மாட்டலாம். உங்களுடையது ஒற்றைத்தள வீடு; சிலிங் தகட்டுக்கு மேலே கூரையைத் தாங்கும் மரச்சட்டங்கள்தாம் இருக்கும். காத்தாடியின் எடை ஐந்து முதல் எட்டு கிலோ வரை என்றாலும், அது சுற்றும்போது ஆட்டமும் முறுக்கமும் சேர்வதால், வெறும் எடையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட முடியாது. சிலிங் தகட்டைப் பிடிக்க அடித்திருக்கும் மெல்லிய ரீப்பர் கட்டைகள் இதைத் தாங்கா. கூரையின் முக்கியச் சட்டத்திலோ, இரண்டு முக்கியச் சட்டங்களுக்குக் குறுக்கே புதிதாகப் போட்ட தடித்த கட்டையிலோதான் கொக்கி ஏற வேண்டும். அதுவும் மரத்தை முழுதாகத் துளைத்துப் போய் மறுபுறம் வாஷரும் நட்டும் போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும்.

என் தம்பி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். புதிதாகப் பிளாஸ்டர் சிலிங் போட்டுத் தந்த ஆள், காத்தாடியையும் நானே மாட்டித் தருகிறேன் என்று சொல்லி, ரீப்பரில் இரண்டு திருகாணிகளை ஏற்றிவிட்டுப் போய்விட்டார். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. நான்கு மாதம் கழித்து, காத்தாடி ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டிக்’ என்று மெல்லிய சத்தம் கொடுக்கிறது, வந்து எண்ணெய் விட்டுப் போ என்று தம்பி கூப்பிட்டான். ஏணியில் ஏறிக் கம்பியின் மேல்முனையை மூடியிருந்த பிளாஸ்டிக் கிண்ணத்தை இறக்கிப் பார்த்தேன். ஒரு திருகாணி முக்கால் அங்குலம் வெளியே வந்திருந்தது. அதன் மரைகளில் மரத்தூள் மாவு போல ஒட்டியிருந்தது. மற்றொன்றை விரலாலேயே கழற்ற முடிந்தது. அதற்கு நேர் கீழே குழந்தையின் தொட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து, யார் வீட்டுக் காத்தாடி ‘டிக் டிக்’ என்றாலும் எண்ணெய்க் குப்பியைத் தேடுவதற்கு முன் கிண்ணத்தை இறக்கிக் கொக்கியைப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. இப்போது நல்ல காத்தாடிகளில் பாதுகாப்புக் கம்பிக்கயிறு ஒன்றும் வருகிறது. மாட்டுகிறவர்கள் பலர் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். நீங்கள் பக்கத்தில் நின்று, அதைக் காத்தாடியின் கொக்கியிலேயே கட்டாமல் தனியாக வேறோர் இடத்தில் கட்டச் சொல்லுங்கள். வயரிங் தொடர்பான வேலையைப் பதிவுபெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும் என்பது சட்டம். பச்சையும் மஞ்சளும் கலந்த எர்த் கம்பி காத்தாடியில் உண்மையிலேயே இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அவரிடம் கேட்டுப் பாருங்கள். பழைய லயங்களின் வயரிங்கில் விளக்கு முனைகளுக்கு எர்த் இல்லாமலேயே நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அளவுக்கு வருவோம். இறக்கையின் வடிவமும் சுற்றும் வேகமும் ஒன்றாக இருந்தால், காத்தாடி தள்ளும் காற்றின் அளவு விட்டத்தின் மும்மடிக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏற்ப உயரும். அதாவது 48 அங்குலத்தைவிட 60 அங்குலம் ஏறத்தாழ இரண்டு மடங்கு காற்றைத் தள்ளும். சிறிய காத்தாடிகளை வேகமாகச் சுற்றவிட்டு அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறார்கள். அதற்கு விலையாகச் சத்தம் கூடுகிறது. அகன்ற காத்தாடி மெதுவாகச் சுற்றுவது காதுக்கும் உடம்புக்கும் இதமானது. அதனால்தான் பள்ளிக்கூடங்கள், கோயில் மண்டபங்கள், பழைய காப்பிக் கடைகள் எல்லாவற்றிலும் கே.டி.கே. போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் மூன்று இறக்கை 60 அங்குலக் காத்தாடிகள் இன்றும் வரிசையாகச் சுற்றுகின்றன.

ஆனால் காத்தாடியின் காற்று நன்றாக உறைப்பது, அதன் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு அகலமுள்ள வட்டத்துக்குள்தான். உங்கள் கூடத்தில் 60 அங்குலக் காத்தாடி ஒன்றை நட்டநடுவில் மாட்டினால் பத்தடி வட்டத்துக்குக் காற்று வரும்; இருபதடி நீளத்தின் இரு கோடிகளும் புழுங்கிக்கொண்டே இருக்கும். சோபா ஒரு கோடியிலும் சாப்பாட்டு மேசை மறு கோடியிலும் இருக்கப்போவதால், இரண்டு இடத்திலும் உட்காருபவர்கள் காற்று வரவில்லை என்பார்கள். ஆகவே 60 அங்குலத்தைச் சோபா இருக்கும் பாதியின் நடுவில் மாட்டிவிட்டு, சாப்பாட்டு மேசைக்கு மேலே இன்னொரு காத்தாடி முனைக்கு இப்போதே வயர் இழுத்துவிடுங்கள். சுவருக்குச் சாயம் அடிக்கும் முன் இதைச் செய்தால் செலவு சிறிது. குடிபோன பிறகு செய்தால் சுவரில் குழாய் ஓடும், உங்களுக்கும் மனம் வராது. அந்த இரண்டாவது காத்தாடி எது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

படுக்கையறைகளுக்கு 48 அங்குலமே போதும். 56 அங்குலம் மாட்டினாலும் இறக்கையின் முனைக்கும் சுவருக்கும் இடையே இரண்டரை அடிக்கு மேல் இடம் இருக்கும். அலமாரி உச்சி இடிக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

இப்போது கடைக்காரர் சொல்லும் டிசி காத்தாடி. ஏசி மோட்டார், டிசி மோட்டார் என்று சொல்லும்போது குளிர்சாதன ஏசியை நினைத்துக் குழம்ப வேண்டாம். மோட்டாருக்குள் போகும் மின்சாரத்தின் வகையைக் குறிக்கும் பெயர்கள் அவை. வழக்கமான ஏசி மோட்டாரில் செம்புச் சுருள்களும் ஒரு கப்பாசிட்டரும் இருக்கும். வேறு நுட்பம் ஒன்றும் இல்லை. 56 அல்லது 60 அங்குல ஏசி காத்தாடி முழு வேகத்தில் 60 முதல் 80 வாட் வரை எடுக்கும். டிசி மோட்டாரில் சுழலும் பகுதியில் நிலைக்காந்தம் இருக்கும். உள்ளே ஒரு மின்னணுப் பலகை வீட்டு மின்சாரத்தை மாற்றிச் சுருள்களுக்கு முறை வைத்துக் கொடுக்கும். சுழலும் பகுதியில் காந்தப்புலத்தை உண்டாக்கத் தனியாக மின்சாரம் செலவாகாததால், ஏறத்தாழ அதே காற்றை 25 முதல் 40 வாட்டில் தந்துவிடுகிறது. வேகத்தைக் குறைத்தால் செலவு இன்னும் சரியும். மிக மெதுவான வேகத்தில் பத்து வாட்டுக்கும் கீழே போகும்.

சேமிப்பு உண்மைதான், எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 75 வாட் ஏசி காத்தாடி நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் முப்பது நாளில் 27 யூனிட் ஆகும். 30 வாட் டிசி காத்தாடி அதே நேரம் ஓடினால் 10.8 யூனிட். மாதம் 16.2 யூனிட் மிச்சம். எடுத்துக்காட்டுக்காக யூனிட்டுக்கு 30 சென் என்று வைத்துக்கொண்டால் மாதம் ஐந்து வெள்ளிக்குச் (ரிங்கிட்) சற்றுக் குறைவு, ஆண்டுக்கு ஏறத்தாழ 58 வெள்ளி. உங்கள் பில்லில் யூனிட்டுக்கு விழும் கட்டணத்தை இதில் போட்டுப் பாருங்கள். டிசி காத்தாடிக்கு 200 வெள்ளி கூடுதலாகக் கொடுத்தால், அது திரும்பி வர இந்தக் கணக்குப்படி மூன்றரை ஆண்டுகள் ஆகும். அதே காத்தாடி மாலையில் நான்கு மணி நேரம் மட்டும் ஓடும் இடத்தில் இருந்தால் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நாம் பெரும்பாலும் முழு வேகத்தில் போடுவதில்லை என்பதையும் சேர்த்தால் பணம் திரும்பி வரும் காலம் இன்னும் நீளும். இரவெல்லாம் ஓடும் அறைக்கு டிசி பொருந்தும். விருந்தாளி வந்தால் மட்டும் போடும் இடத்துக்கு அது வீண்செலவு. மூன்றையும் சேர்த்து எடுத்தால் தள்ளுபடி என்பது கடைக்காரருக்கு வசதியான கணக்கு.

இன்னொரு பக்கமும் உண்டு. உலகத்திலேயே இடியும் மின்னலும் மிகுந்த நாடுகளில் நம் நாடும் ஒன்று. சாயங்கால மழையில் பக்கத்தில் எங்கேயாவது மின்னல் இறங்கினால் கம்பி வழியாக வரும் மின்வீச்சைச் செம்புச் சுருள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். மின்னணுப் பலகை பொறுக்காது. பலகை போய்விட்டால் காத்தாடி அசையாது, பழுதுபார்க்கவும் அதே மாடலின் பலகைதான் வேண்டும். ஈப்போ வரை கொண்டுபோக வேண்டியிருக்கலாம். சில மலிவான வகைகளுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளில் பலகையே சந்தையில் இருக்காது. உத்தரவாத அட்டையில் ‘மோட்டாருக்குப் பத்து ஆண்டு’ என்பதைப் பெரிய எழுத்திலும் ‘மற்றப் பாகங்களுக்கு ஓர் ஆண்டு’ என்பதைச் சிறிய எழுத்திலும் போட்டிருப்பார்கள். பலகை, ரிமோட், விளக்கு மூன்றும் அந்தச் சிறிய எழுத்துக்குள் வருகின்றனவா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். டிசி காத்தாடி வாங்கினால், இடி முழங்கும்போது சுவர் சுவிட்சை அணைக்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். ரிமோட்டில் அணைத்தால் பலகைக்குள் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். மின்பெட்டியில் மின்வீச்சுத் தடுப்பான் ஒன்றைப் போட்டுக்கொள்வது மேலும் நல்லது.

டிசி காத்தாடியைப் பழைய சுவர் ரெகுலேட்டர் வழியாக ஒருபோதும் இணைக்கக் கூடாது. ரெகுலேட்டரை எடுத்துவிட்டுச் சாதாரணச் சுவிட்சு மட்டும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகை சீக்கிரமே கருகும். ஏசி காத்தாடிக்கு அதனோடு பெட்டியில் வரும் ரெகுலேட்டரையே மாட்டுங்கள். அழகாக இருக்கிறதே என்று விளக்கின் ஒளியைக் குறைக்கும் மங்கல் குமிழை (டிம்மர்) போட்டால், வேகத்தைக் குறைக்கும்போது மோட்டார் தேனீக்கூடு போல இரையும்.

ரிமோட்டைப் பற்றித் தாயாரின் அறையை நினைத்துச் சொல்கிறேன். ஒன்பது பொத்தான்கள் உள்ள ஒரு சிறு கருவியை அதிகாலை மூன்று மணிக்கு இருட்டில் தடவி எடுத்து, கண்ணாடி இல்லாமல் பார்த்து, வேகத்தைக் குறைக்க அம்மாவால் முடியுமா? என் தாயார் அந்தச் சிரமத்துக்குப் போர்வையே மேல் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். காலையில் தோள்பட்டை வலி என்பார். கட்டிலில் இருந்தபடியே கை எட்டும் உயரத்தில் சுவர் ரெகுலேட்டரை வைத்துக் கொடுத்த பிறகுதான் அந்தப் புகார் நின்றது. ஆகவே அந்த அறைக்கு 48 அங்குல ஏசி காத்தாடியும் கட்டிலோரம் ரெகுலேட்டரும்தான் என் தேர்வு. 60 அங்குலத்தை ஒன்றாம் எண்ணில் வைத்தாலும் பத்துக்குப் பத்து அறையில் விடியற்காலைக் குளிருக்கு அது வயதானவர்களுக்கு அதிகம். காத்தாடி கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் சற்றுத் தள்ளி இருக்கட்டும்; நெஞ்சுக்கு நேராக வேண்டாம்.

உங்கள் அறை இரவு முழுதும் காத்தாடி ஓடும் அறை. அங்கே டிசி வாங்குங்கள். வரிசை வீடு என்பதால் ஒன்று கவனியுங்கள்: சில ரிமோட்டுகள் வானொலி அலையில் வேலை செய்பவை, அவை சுவரைத் தாண்டும். பக்கத்து வீட்டாரும் அதே மாடலை வாங்கியிருந்தால், அவர்கள் பொத்தானை அமுக்கும்போது உங்கள் காத்தாடி நிற்கும். பேய் பிடித்த காத்தாடி என்று ஒரு வீட்டில் என்னைக் கூப்பிட்டது இதற்காகத்தான். ரிமோட்டின் குறியீட்டை மாற்றியமைத்தால் பேய் போய்விடும்.

இறக்கைகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஐந்து இறக்கை என்பதால் காற்று கூடிவிடாது. ஒவ்வோர் இறக்கையும் மோட்டாருக்குச் சுமைதான் என்பதால் வேகம் குறையும். சத்தம் சற்று மென்மையாக இருக்கும். இறக்கையின் சாய்வுக் கோணமும் மோட்டாரின் வலுவும்தான் காற்றைத் தீர்மானிக்கின்றன. மரத்தூள் அட்டையால் செய்த இறக்கைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் அவை வளைந்து, காத்தாடி ஆடத் தொடங்கும். விளக்கோடு சேர்ந்த காத்தாடியும் எனக்குப் பிடிக்காது. எல்இடி தட்டு காத்தாடிக்கு முன்பே போய்விடும். அதற்கு மாற்றுத் தட்டு கிடைக்காமல் மூளியாகத் தொங்கும் காத்தாடிகளை நிறையப் பார்த்துவிட்டேன். விளக்கைத் தனியாகப் போடுங்கள். ஆனால் இறக்கை சுற்றும் வட்டத்துக்கு மேலே சிலிங்கில் போடாதீர்கள். இறக்கையின் நிழல் அறை முழுதும் துடிக்கும், தலைவலி வரும்.

பெட்டியில் சிரிம் எனும் தரச்சான்று நிறுவனத்தின் முத்திரையும் எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2013ஆம் ஆண்டு முதல் குளிர்பெட்டி, தொலைக்காட்சி ஆகியவற்றைப் போல வீட்டுக் காத்தாடிகளுக்கும் ஐந்து நட்சத்திர வரிசையில் இந்த முத்திரை உண்டு. ஒரு வாட்டுக்கு நிமிடத்தில் எத்தனை கன மீட்டர் காற்று என்பதை வைத்துத்தான் நட்சத்திரம் கொடுக்கிறார்கள் என்பதால், மொத்தக் காற்று குறைவான ஒரு சிறிய காத்தாடியும் ஐந்து நட்சத்திரம் வாங்க முடியும். ஆகவே நட்சத்திரத்தோடு, நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் என்ற எண்ணையும் படியுங்கள். இணையத்தில் வெளிநாட்டு விற்பனையாளர்களிடம் மலிவாகக் கிடைப்பவற்றில் இந்த முத்திரைகள் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வேறு நாட்டு அளவுக்குச் செய்த மோட்டார் இங்கே சூடேறும்.

கடைசியாகப் பழைய காத்தாடி. அதைத் தூக்கிப் போடாதீர்கள். சாப்பாட்டு மேசைக்கு மேலே வயர் இழுக்கச் சொன்னது இதற்காகத்தான். அதில் 240 வோல்ட் என்று எழுதியிருந்தால் தயங்க வேண்டாம்; 2008இல் நம் நாட்டின் மின்னழுத்தம் 240இலிருந்து 230 என்று மாற்றி அறிவிக்கப்பட்டது, அந்தச் சிறு வேறுபாட்டை அது உணரக்கூடச் செய்யாது. முழு வேகத்தில் வைத்தும் மூன்றாம் எண்ணில் ஓடுவது போல மெதுவாகச் சுற்றுகிறது என்றால், அல்லது கம்பால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது என்றால், மோட்டார் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கம்பியின் மேல்கிண்ணத்துக்குள்ளோ மோட்டாரின் அடிமூடிக்குள்ளோ தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புக் கட்டி இருக்கும், அதுதான் கப்பாசிட்டர். அதன் வலு ஆண்டுகள் போகப் போகக் குறையும். அதன்மேல் 2 அல்லது 2.5 மைக்ரோஃபாரட் என்பது போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். அதே எண்ணும் அதே வோல்ட்டும் உள்ள புதியதைச் சில வெள்ளிக்கு எந்த எலெக்ட்ரிக் கடையிலும் வாங்கலாம். காற்று கூடுதலாக வரட்டும் என்று பெரிய எண்ணைப் போட்டால் சுருள் சூடேறிவிடும்.

இறக்கும் முன், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, இறக்கைகளிலும் அவற்றைப் பிடிக்கும் கைகளிலும் மார்க்கர் பேனாவால் 1, 2, 3 என்று எண் எழுதிக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் எடை பார்த்துச் சேர்த்த இறக்கைகள் இடம் மாறினால் புது வீட்டில் ஆட்டம் கொடுக்கலாம். மாட்டிய பிறகும் ஆடினால், சிலிங்கிலிருந்து ஒவ்வோர் இறக்கையின் முனை வரை டேப்பால் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதன் கை வளைந்திருக்கிறது என்று பொருள். கம்பியின் முனையிலுள்ள ரப்பர் உருளையையும் ஆணியையும் பிளவுப் பின்னையும் பதினெட்டு ஆண்டுக்குப் பிறகு மறுபடி பயன்படுத்த வேண்டாம். புதியவற்றை வாங்கி மாட்டச் சொல்லுங்கள். இறக்கைகளிலுள்ள தூசியைத் துடைக்கப் பழைய தலையணை உறையை இறக்கையின்மேல் மாட்டி வெளியே இழுத்தால் அழுக்கு உறைக்குள்ளேயே விழுந்துவிடும். கீழே சாப்பாட்டு மேசை இருக்கப்போகிறது.